இரவுப் பொத்தானும் பதினைந்து வெள்ளைக் கோட்டும்

என் அன்புக்கும், நேற்று முதல் என் பயத்துக்கும் உரிய மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அக்கா, இரண்டு சலவை இயந்திரங்கள், நொண்டிக் கால் இஸ்திரி மேசை உட்பட அனைவரும் நலம். அங்கே நீயும் உன் கணினிகளும் சண்டை சச்சரவின்றி இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் ஏன் காகிதத்தில் எழுதுகிறார் இந்த மனிதர் என்று நீ புருவத்தைத் தூக்குவது எனக்குத் தெரிகிறது. வீட்டில் நான் போன் பேசினால் உன் அக்கா சமையலறையிலிருந்தே பதில் சொல்லிவிடுவாள். மின்னஞ்சல் கடையின் பெயரில் இருக்கிறது, கடை அவள் பெயரில் இருக்கிறது. ஆகவே உன் சட்டைகள் ஆறும் நாளைக் காலை வண்டியில் வரும்போது, நீலக் கோடு போட்ட சட்டையின் பையில் இது இருக்கும். இதைவிடப் பத்திரமான இடம் இந்தக் கடையில் கிடையாது. பிரித்ததும் உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படிக்கிற விஷயம் அல்ல.

முதலில் நல்ல செய்தி. உன் ஆப்பில் நான் கை வைத்துவிட்டேன்.

கத்தாதே, மாப்பிள்ளை. மேலே படி. காப்பீட்டு அலுவலகத்திலிருந்து ஓய்வு வாங்கிக்கொண்டு உன் அக்காவின் சலவைக் கடைக்கு நான் வந்து நான்கு மாதம் ஆகிறது. முப்பது வருஷம் கோப்பு பார்த்தவன், கடையை ஒரு தூக்குத் தூக்கிவிடலாம் என்று வந்தேன். வந்த அன்றே உன் அக்கா என்னை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்து, ஒரு முக்காலியையும் பொத்தான் டப்பாவையும் காட்டினாள். அதுதான் என் பதவி. எந்தச் சட்டையில் பொத்தான் விழுந்திருக்கிறதோ அதற்குப் பொத்தான் தைப்பது. சுவரில் அவள் சொல்லச் சொல்ல என் கையாலேயே எழுதி ஒட்டிய பத்துச் சட்டங்கள் இருக்கின்றன. முதல் சட்டம், பையைத் துழாவாமல் ஒரு துணியும் உள்ளே வரக்கூடாது, வெளியே போகக்கூடாது. பத்தாவது சட்டம், பொத்தான் தைக்கிறவர் மற்ற வேலைகளில் யோசனை சொல்லக்கூடாது. இந்தப் பத்தாவது சட்டம் பொருந்தக்கூடிய ஆள் கடையில் ஒருவர்தான் இருக்கிறார் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நீ ஐந்து வருஷத்துக்கு முன்னால் செய்து கொடுத்த அந்த ஆப் நல்ல உழைப்பாளி, நான் மறுக்கவில்லை. ஆனால் அழகு? பழைய ஈயப் பாத்திரம் மாதிரி ஒரு சாம்பல். அதன் மேல் இன்னொரு சாம்பல். எழுத்து மூன்றாவது சாம்பல். கவுண்டர் திரை தெருப் பக்கம் ஜன்னலைப் பார்த்திருக்கிறதா, பத்து மணி வெயில் விழுந்ததும் அங்கே நின்று மூட்டை வாங்கும் கவுண்டரம்மா கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்ப்பதில், வருகிற வாடிக்கையாளர்கள் எல்லாம் அவர் தங்களை முறைப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். ஒருத்தர் என்னிடமே வந்து, "அந்தம்மாவுக்கு நான் என்னங்க பண்ணினேன்?" என்று கேட்டுவிட்டார். அன்றைக்கு எனக்குள் ஒரு விளக்கு எரிந்தது. தீம்! ஒரு பொத்தானை அமுக்கினால் பளிச்சென்று, இன்னொன்றை அமுக்கினால் கறுப்பாக, அவரவர் கண்ணுக்கு எது இதமோ அது. உன் அக்காவிடம் சொன்னேன். சுவரிலிருந்த பத்தாவது சட்டத்தை விரலால் காட்டினாள்.

நான் விடுவேனா? பொத்தான் தைத்துக்கொண்டே போனில் வீடியோ வகுப்பு பார்த்தேன். நாற்பத்தேழு பாடம். அதில் சொல்லித்தருகிறவர் என்ன சொன்னார் தெரியுமா? நிறத்தை வேண்டிய இடத்திலெல்லாம் எழுதாதே, ஒரே இடத்தில் எழுதி அதற்கு ஒரு பெயர் வை, மற்ற இடங்களில் பெயரைச் சொல்லிக் கூப்பிடு. பெயருக்கு உரிய நிறத்தை மாற்றினால் ஊரே மாறிவிடும். மாப்பிள்ளை, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கையிலிருந்த சட்டையை என் பேன்ட்டோடு சேர்த்துத் தைத்துவிட்டேன். நீ அவசரத்துக்கென்று கொடுத்து வைத்த கடவுச்சொல்லை எடுத்தேன், உள்ளே போனேன். போனால் உன் வண்டவாளம் எல்லாம் அங்கே கொடியில் காய்கிறது! சாம்பல் நிறத்தை மட்டும் நாற்பத்தொரு விதமாக எழுதி வைத்திருக்கிறாய். ஒன்றுக்கொன்று ஒரு நூல் வித்தியாசம். ஒரு சாம்பலை எழுதும்போது முந்தின சாம்பல் ஞாபகம் இல்லாமல் எழுதினாயா, இல்லை உனக்கு அதில் ஏதாவது வேண்டுதலா? நான் குறை சொல்லவில்லை. நாற்பத்தொன்றையும் கூட்டி அள்ளி மூன்றே பெயருக்குள் அடக்கினேன். வெள்ளை எழுதியிருந்த இடத்திலெல்லாம் 'பின்னணி' என்று பெயர் வைத்து, தேடிப் பிடித்து ஒரே அமுக்கில் மாற்றினேன். எல்லா இடத்திலும். 'எல்லா இடத்திலும்' என்ற இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் வரும்.

நான்கு தீம் செய்தேன். பகல், இரவு, கடல், எலுமிச்சை. முதன்முதலாகப் பொத்தானை அமுக்கியபோது திரை முழுக்க அலை அடித்த மாதிரி நீலமானதே, அடடா! காப்பீட்டு அலுவலகத்தில் முப்பது வருஷத்தில் என் கை பட்டு ஒரு பொருள் நிறம் மாறியதென்றால் அது தேநீர் கொட்டிய கோப்பு மட்டும்தான். நான் முக்காலியிலிருந்து எழுந்து நின்று கைதட்டினேன். கடையில் வேறு யாரும் தட்டவில்லை. ஆரம்பத்தில் ஒரு சின்னக் கோளாறு இருந்தது. இரவு தீமில் பக்கத்தைத் திறந்தால் முதலில் ஒரு நொடி வெள்ளையாக மின்னிவிட்டுப் பிறகு கறுக்கும். கவுண்டரில் நின்ற ஒரு பெரியவர், யாரோ தன்னைப் புகைப்படம் எடுப்பதாக நினைத்து ஒவ்வொரு தடவையும் தலை சீவிக்கொண்டார். அதையும் சரிசெய்தேன். யார் எந்தத் தீமை வைத்தார்களோ அதையே அந்தத் திரை ஞாபகம் வைத்துக்கொள்ளும்படியும் செய்தேன். அணைத்துப் போட்டாலும் மறக்காது. என்னைவிட ஞாபகசக்தி அதிகம் அதற்கு.

உன் அக்கா வந்து பார்த்தாள். அமுக்கச் சொன்னாள், அமுக்கினேன். நாலையும் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, "அந்தக் கறுப்புல கரண்டு கம்மியா ஆகுமா?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு தீர்ப்பு வந்தது. "இதோ பாருங்க, சனிக்கிழமை நாலு மணி வரைக்கும் பார்ப்பேன். கவுண்டர் ஸ்கிரீன் மட்டும் பகல்லயே இருக்கணும், அதைத் தொடக்கூடாது. மத்ததுல என்ன கூத்து வேணா கட்டுங்க. ஒரே ஒரு புகார் வந்துச்சு, எல்லாத்தையும் கழட்டிட்டு என் தம்பி செஞ்சது எப்படி இருந்துச்சோ அப்படியே வந்துடணும். அப்புறம் நீங்க இருக்கிற இடம் அந்த முக்காலி. சாகுற வரைக்கும்."

மாப்பிள்ளை, நீ சிரிக்கிறாய். இது சிரிக்கிற விஷயமா? ஐம்பத்தாறு வயதில் ஒரு மனிதனுக்குத் தன் கையால் ஏதோ ஒன்று வந்திருக்கிறது. அதைச் சனிக்கிழமை நாலு மணிக்குப் பிடுங்கிவிடுவார்கள் என்றால் எப்படி இருக்கும்?

கவுண்டர் திரையை நான் தொடவில்லை. அதாவது, செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு தடவை தொட்டேன். தண்ணீர் கேன்காரர் வந்திருந்தார். அவர் கேட்கவில்லைதான், ஆனால் கேட்கிற மாதிரி நின்றார். சரி போகட்டும் என்று நான்கையும் அமுக்கிக் காட்டினேன். "ஏங்க, இது என்னமோ சினிமா மாதிரில்ல இருக்கு!" என்றார் அவர். என்ன ரசனை! அந்த நேரம் பார்த்துப் பொத்தான் டப்பா கவிழ்ந்து கடை முழுக்க உருண்டது. நான் ஓடினேன். ஆனால் ஓடுவதற்கு முன்னால் திரையைப் பகலில் வைத்துவிட்டுத்தான் ஓடினேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது. இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். பின்னே, மறுநாள் காலையில் பார்த்தால் கவுண்டர் திரை இரவில் இருக்கிறதே, அது எப்படி? யாரோ அமுக்கியிருக்கிறார்கள். அந்த யாரோ யார் என்பதுதான் இந்தக் கடிதத்தின் மர்மம்.

இப்போது கடையின் வேலை முறையை உனக்கு நினைவுபடுத்துகிறேன். நிரந்தர வாடிக்கையாளர்கள் தங்கள் இடத்திலிருந்தே உன் ஆப்பில் என்ன துணி, எத்தனை என்று போட்டு, ஒரு நிற வட்டத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு மூட்டையைக் கட்டி அனுப்பிவிடுவார்கள். கவுண்டரம்மா மூட்டையைப் பிரிப்பதில்லை. துணிப் பைகளை அவர்களே துழாவி அனுப்புவதாக ஒப்பந்தம். கவுண்டரம்மா திரையில் வட்டத்தைப் பார்ப்பார். வெள்ளை வட்டமா, மூட்டைக்கு வெள்ளை நாடா. கறுத்த வட்டமா, கறுப்பு நாடா. அப்புறம் அது நுரையிடம் போகும். நுரையை உனக்குத் தெரியும், பத்தொன்பது வருஷமாக இயந்திரத்தோடு நிற்கிறவர், கை எப்போதும் நுரையாக இருப்பதால் அந்தப் பெயர். அவர் மூட்டையின் வாயையும் இயந்திரத்தின் வாயையும் ஒட்டவைத்து, முடிச்சை அவிழ்த்து, அடியில் ஒரு தட்டு தட்டுவார். துணி வெளிச்சத்தைப் பார்க்காமலே உள்ளே போய்விடும். "நாடா பொய் சொல்லாது சார்" என்பார். பத்தொன்பது வருஷமாகச் சொல்லவும் இல்லை.

செவ்வாய் மத்தியானம் பல் டாக்டர் வீட்டு மூட்டை வந்தது. பதினைந்து வெள்ளைக் கோட்டு, அன்றைக்கு வந்த ஒரே வெள்ளை மூட்டை. கவுண்டரம்மா திரையைப் பார்த்தால் கறுப்பு வட்டம். பின்னால் கேட்டதற்கு அவர் சொன்னது: "நானும் யோசிச்சேன் சார், டாக்டர் எப்பவும் வெள்ளைதானே அனுப்புவார்னு. வீட்டுல ஏதோ துக்கம் போல, கேட்டா நல்லா இருக்காதுன்னு கம்முனு கட்டிட்டேன்." அப்படிப்பட்ட நாகரிகமான பெண்மணி. கறுப்பு நாடா கட்டிய மூட்டை, பேண்டு வாத்தியக் குழுவின் புத்தம்புதிய அடர்ந்த கத்தரிப்பூ நிறச் சட்டைகளோடு ஒரே இயந்திரத்துக்குள் போயிற்று. வெளியே வந்தபோது வாத்தியக்காரர்கள் கொஞ்சம் வெளுத்திருந்தார்கள். டாக்டர் பூத்துக் குலுங்கினார்.

டாக்டர் நேற்றுக் காலை ஒரு கோட்டை மாட்டிக்கொண்டு, மற்றதை மூட்டையாகத் தூக்கிக்கொண்டு நேரில் வந்தார். சாட்சியாக மாட்டிக்கொண்டு வந்தாராம். "நான் பல் புடுங்குறவனா, ஐஸ்கிரீம் விக்கிறவனா? காலைல ஒரு அம்மா என்கிட்ட ரெண்டு ஸ்கூப் கேக்கல, அது ஒண்ணுதான் பாக்கி!" என்றார். உன் அக்கா கை கூப்பினாள். பதினைந்து கோட்டையும் வாங்கிக்கொண்டாள், மன்னிப்புக் கேட்டாள். டாக்டர் போனதும் இயந்திரப் பக்கம் திரும்பி நுரையை ஒரு பார்வை பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பிறகு என்னிடம் திரும்பி, "என்னங்க, அந்த ஸ்கிரீன் கறுப்பா இருக்கிறதுக்கும் இதுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கா?" என்றாள்.

"ச்சேச்சே, சம்பந்தமே இல்ல" என்றேன்.

நான் அப்போது பொய் சொல்லவில்லை, மாப்பிள்ளை. அரை மணி நேரம் கழித்துத்தான் அது பொய் ஆயிற்று. பின்பக்கத் திரையில் போய் உட்கார்ந்து பகலை அமுக்கினேன், எல்லா வெள்ளைச் சட்டைகளும் வெள்ளை வட்டம். இரவை அமுக்கினேன், அத்தனையும் கறுப்பு வட்டம். கடலை அமுக்கினேன், நகரத்திலுள்ள வெள்ளைச் சட்டை அத்தனையும் ஒரே நொடியில் நீலம். அட, என்ன அழகு என்று ஒரு கணம் ரசித்துவிட்டேன், அப்புறம்தான் உறைத்தது. திரையின் நிறத்துக்குப் பெயர் வைக்கிறேன் என்று போய், துணியின் நிறத்துக்கும் சேர்த்துப் பெயர் வைத்திருக்கிறேன். 'எல்லா இடத்திலும்.' டாக்டரின் கோட்டு எனக்குப் 'பின்னணி' ஆகிவிட்டது! அப்போதே உட்கார்ந்து துணி வட்டங்களைத் தீமிலிருந்து பிரித்து எடுத்தேன். இனி உலகமே எலுமிச்சை ஆனாலும் வெள்ளை வெள்ளைதான். வட்டத்துக்குப் பக்கத்தில் 'வெள்ளை' என்று எழுத்திலும் வரும்படி செய்துவிட்டேன். நான்கு தீமிலும் முப்பது தடவை பார்த்தாயிற்று. இப்போது அது குறையே இல்லாத வேலை. ஆனால் இதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஏனென்றால் நுரை நேற்று மத்தியானம் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கண் மருத்துவரிடம் போய்விட்டார். திரும்பி வந்து என் முக்காலிப் பக்கத்தில் குந்தினார்.

"கண்ணு சரியாத்தான் இருக்காம் சார். கடைசி வரி வரைக்கும் படிச்சேன்."

"அப்புறம் என்ன, நல்ல செய்திதானே?" என்றேன்.

"கண்ணு நல்லா இருந்தா அப்ப மண்டையிலதான் சார் ஏதோ. கறுப்பு நாடான்னு என் மண்டைக்குத் தோணியிருக்கு. அது வெள்ளை நாடாவாத்தான் இருந்திருக்கும். சனிக்கிழமை அக்காகிட்ட சொல்லிட்டு வேலையை விட்டு நின்னுக்கலாம்னு இருக்கேன். நாளைக்கு யார் வீட்டுத் துணியையாவது பாழாக்கிட்டா?"

பத்தொன்பது வருஷம். தன் தலையையே சந்தேகப்படுகிறார், நாடாவைச் சந்தேகப்படவில்லை, என்னைச் சந்தேகப்படவில்லை. நான் ஊசியைக் கோட்டில் குத்தாமல் விரலில் குத்திக்கொண்டேன். அப்போதாவது வாயைத் திறந்தேனா? திறந்தேன். "டீ குடிக்கிறீங்களா?" என்று கேட்டேன். இந்த அழகில்தான் உன் அத்தான் இருக்கிறார்.

ஆகவே மாப்பிள்ளை, விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை நாலு மணிக்குள் நீ உன் அக்காவுக்கு ஒரு போன் போடு. தப்பு உன் பழைய வேலையில் இருந்தது, நிறத்தின் பெயரை எழுதாமல் வெறும் வட்டம் மட்டும் போட்டது நீ, நுரைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அத்தான்தான் அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்தார் என்று சொல். யோசித்துப் பார்த்தால் இதில் பாதி உண்மை. நீ பெயரை எழுதியிருந்தால் கவுண்டரம்மா டாக்டர் வீட்டில் துக்கம் என்று நினைத்திருக்க மாட்டார். நீ தம்பி. உன்னை அவள் பத்து நிமிஷம் திட்டுவாள், பதினோராவது நிமிஷம் சாப்பிட்டாயா என்று கேட்பாள். என்னைத் திட்டினால் சாப்பாடே கேள்விக்குறி. நுரையின் தலை தப்பும், என் தீம் தப்பும், உனக்கு ஒரு பதினொரு நிமிஷம் போகும். அவ்வளவுதான். அந்த இரவுப் பொத்தானை அமுக்கியவர் யார் என்பதை நான் விசாரித்துக்கொள்கிறேன். தண்ணீர் கேன்காரர் மேல் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு.

வேறு விசேஷம் ஒன்றுமில்லை. உன் சட்டைகளின் காலர் எந்நாளும் விறைப்பாக நிற்கவும், உன் ஆப்பில் எவரும் கை வைக்காதிருக்கவும் வாழ்த்தி, முக்காலியிலிருந்து,

உன் அத்தான்.

பின்குறிப்பு: மேலே எழுதியதில் ஒன்றையும் செய்யாதே! போன் போடாதே! சுவரில் என் கையால் எழுதிய முதல் சட்டத்தை நானே மறந்துவிட்டேன். வண்டி கிளம்பும் முன் உன் அக்கா உன் சட்டைகளின் பைகளைத் துழாவியிருக்கிறாள். நான் பார்க்கும்போது இயந்திரத்தில் சாய்ந்துகொண்டு மூன்றாவது பக்கத்தில் இருந்தாள். எங்கே ஓடுவது என்று தெரியாமல் ஒரே பொத்தானை நான்கு தடவை தைத்தேன். படித்து முடித்து வந்தாள், பக்கத்தில் ஒரு மூட்டையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். என்ன சொன்னாள் தெரியுமா? "அந்த இரவுப் பொத்தானை அமுக்கினது நான்தாங்க. கண்ணுக்கு இதமா இருந்துச்சுன்னு அமுக்கிட்டேன்." நான் சொன்னேனா இல்லையா, யாரோ அமுக்கியிருக்கிறார்கள் என்று! நான் பகலில் வைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது என்று மேலேயே எழுதியிருக்கிறேன், பார்! நான் பெருந்தன்மையாக, பரவாயில்லை, எல்லோரும் தப்பு செய்கிறவர்கள்தான் என்றேன். இருவரும் சேர்ந்தே போய் நுரையிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் குந்தி உட்கார்ந்து கையிலிருந்த நுரையைத் துடைத்தார். பிறகு, "அப்ப நாடா கறுப்புதானே சார்? கறுப்புதானே?" என்று கேட்டார். கறுப்புதான் என்றேன். எழுந்து போய் இயந்திரத்தை ஒரு தட்டு தட்டிவிட்டு என்னைத் திட்டினார் பார், பத்தொன்பது வருஷத்தில் அவர் வாயில் அப்படி ஒரு சொல் வந்ததில்லையாம். என்ன நிம்மதியாக இருந்தது தெரியுமா! டாக்டரின் கோட்டுகளில் பதின்மூன்றை அவரே ஊறவைத்து வெளுத்துவிட்டார். பிடிவாதம் பிடிக்கும் இரண்டுக்குப் பதில் புதிது தைத்துக் கொடுக்கிறோம், பொத்தான் என் உபயம். சனிக்கிழமை வரை காத்திருக்காமல் தீர்ப்பும் வந்துவிட்டது. தீம் இருக்கும். ஆப் இனி என் பொறுப்பு. பத்தாவது சட்டத்தை உன் அக்கா கிழித்துவிட்டு, "யோசனை சொல்லலாம், வாரத்துக்கு ஒண்ணு" என்று மாற்றியிருக்கிறாள். இந்தக் களேபரத்தில் இன்றைய வண்டி போய்விட்டது, கடிதம் பழையபடி உன் சட்டைப் பையிலேயே நாளைய வண்டியில் போகட்டும் என்றும் அவளே சொன்னாள்.

தம்பி, அக்கா எழுதுறேன். அவர் பொத்தான் வாங்கப் போயிருக்கார், அதுக்குள்ள எழுதிடறேன். நான் எந்தப் பொத்தானையும் அமுக்கலை. தண்ணி கேன்காரர்கிட்ட பெருமை அடிச்சுக்கிட்டே இவரேதான் கடைசியா இரவுல வெச்சுட்டு, டப்பா உருண்டதும் அப்படியே ஓடினார். நான் பின்னாடி நின்னு பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். திருப்பி வைக்காம விட்டது மட்டும் என் தப்பு, நிஜமாவே கண்ணுக்கு இதமா இருந்துச்சு. கறுப்பு ஸ்கிரீனுக்கும் டாக்டர் கோட்டுக்கும் சம்பந்தம் இருக்குன்னு இந்தக் கடுதாசியைப் படிச்சுதான் எனக்கே தெரியும். பழியைத் தூக்கிக்க ஒரு ஆள் வேணும்னு உன்னைக் கெஞ்சியிருக்காரே, பாவம், அதுக்குப் போய் உன்னை எதுக்கு இழுக்கணும், வீட்டுலயே நான் இருக்கேன்ல. ஆனா நுரைகிட்ட மட்டும் அப்புறம் தனியா நடந்ததை நடந்தபடி சொல்லிட்டேன். அவரும் இவர்கிட்ட மூச்சு விட மாட்டார். நீயும் இதைப் படிச்சதும் கிழிச்சுப் போட்டுடு. அப்புறம், அந்த எலுமிச்சை சகிக்கலை. அதை யார் சொல்றதுன்னுதான் ரெண்டு நாளா கடையில எல்லாரும் பேசிக்கிட்டு இருக்கோம். வேற யாரும் மாட்டலை, நீ ஒரு போன் போட்டுச் சொல்லிடேன்.